வெல்வெட் மேசையில் இருந்த வயர்

நான் திருடி என்று உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசப் பழக்கும் நம் தொழிலைக் கண்டியில் செய்கிறவர்கள் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவோம். கதை பரவுவதற்கு ஒரு தேநீர் நேரம் போதும். ஒரு விழாவில், விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, கண்காட்சி மேசையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போனேன் என்பது கதை. உண்மைதான், எடுத்தேன். என்ன எடுத்தேன், யாருக்காக எடுத்தேன் என்பதைக் கதை சொன்னவர்கள் விட்டுவிட்டிருப்பார்கள். அதை நானே சொல்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு இது எந்தப் பாடத்திலும் வராது.

அதற்கு முன் ஒரு கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். ஃபோனில் சுற்றும் அந்த வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். காது கேளாத பிள்ளைக்கு அறுவை செய்து, சத்தத்தை நரம்புக்கு அனுப்பும் கொக்லியர் கருவி வைத்து, முதல்முறையாக இயக்குகிறார்கள். பிள்ளை கண்ணை விரிக்கிறது, தாய் அழுகிறாள், பின்னணியில் வயலின் அழுகிறது. அந்த வயலினைப் பிறகு சேர்த்திருக்கிறார்கள். அந்த அறையில் நான் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். முதல்நாள் பிள்ளைக்குக் கேட்பது பாட்டுமில்லை, அம்மாவின் குரலுமில்லை, ஏதோ கீச்சென்று ஒரு சத்தம். பல பிள்ளைகள் பயந்து அலறும். சில பிள்ளைகள் கருவியைப் பிடுங்கி எறியும். அந்தக் கீச்சு பேச்சாக மாறுவதற்கு மாதங்கள் போகும், சிலருக்கு வருஷங்கள்.

பாட்டு அதற்கும் பிறகுதான். தாளம் சீக்கிரம் பிடிபடும். ராகம் பல பிள்ளைகளுக்குக் கடைசிவரை மங்கல்தான், ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோ மாதிரி. அப்படியும் சில பிள்ளைகள் பாட்டென்றால் உயிரை விடும். சில பிள்ளைகளுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது? காது நன்றாகக் கேட்கிற என் வீட்டுக்காரருக்கே பாட்டு பிடிக்காது. அவரை யாரும் மேடையேற்றிப் பரிதாபப்பட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்க வைத்தியசாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு தனியார் நிலையத்துக்கு வாரத்தில் சில நாள் போய்வந்தேன். பெயர் வேண்டாம். கருவி வைத்த பிள்ளைகளுக்குக் கேட்கவும் பேசவும் பழக்கும் இடம். நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான், அதை நான் மறுக்கவில்லை. அங்கேதான் கஸ்தூரி வந்தாள்.

கஸ்தூரிக்கு எட்டு வயது. கெலிஓயாவில் வீடு. அப்பா அங்கே ஒரு பலசரக்குக் கடையில் வேலை, அம்மா மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து கல்யாணம் கட்டி இறங்கி வந்தவள். பிள்ளை துறுதுறுவென்று இருக்கும். ஒரு கண்பார்வையில் முழு அறையையும் அளந்துவிடும். தன் பெயரில் வரும் அந்த ‘ஸ்’ஸைப் பிடிக்க நாங்கள் இருவரும் பட்ட பாடு கொஞ்சமில்லை. ‘கத்தூரி, கத்தூரி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவள் ஒருநாள் திடீரென்று ‘கஸ்தூரி’ என்றாள். அன்றைக்கு நான் அவளுடைய அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ‘ஸ்’ என்பது மெல்லிய சத்தம். பிள்ளைக்கு அது கேட்டால்தான் வாயில் வரும். கேட்பது நின்றால் முதலில் போவதும் அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பழகிய காலத்தில் எனக்கு மேலே இருந்த அம்மா ஒருவர் எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய கறுப்புத் துணியைக் கட்டி வைத்திருப்பார். பிள்ளையோடு பேசும்போது அதை வாய்க்கு முன்னால் பிடிப்பார். துணி வழியே சத்தம் வரும், உதடு தெரியாது. அப்போதுதான் பிள்ளை கேட்கிறதா, உதட்டைப் படிக்கிறதா என்று தெரியும். அவர் சொல்வார்: மந்தமான பிள்ளையைப் பார்த்துப் பயப்படாதே, கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்துப் பயப்படு. மந்தமான பிள்ளைக்குக் கேட்காவிட்டால் உடனே தெரிந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளை உன் கண்ணையும் தோளையும் பார்த்தே எல்லாப் பதிலையும் சொல்லிவிடும், நீயும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவாய். அந்த வளையம் மாதிரி ஒன்று இன்றும் என் பையில் கிடக்கிறது.

நிலையத்தில் ஆண்டு விழா வந்தது. அந்த முறை பிள்ளைகளின் நடனம்தான் விழாவுக்கு உச்சம். ‘இசையைக் கேட்டு ஆடும் பிள்ளைகள்’ என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகிக் கண்டிக்கு வந்த சங்கீத டீச்சர் ஒருவரைப் பிடித்துப் பழக்க வைத்தார்கள். டீச்சர் நல்ல மனுஷி. பிள்ளைகள் முன்னால் நின்று மேளம் தட்டி, தலையாட்டி, நாடியால் தாளம் காட்டி, தொண்டை வரளப் பழக்கினார். பிள்ளைகளும் அழகாக ஆடின. எல்லாரையும் விட அழகாக ஆடியது கஸ்தூரி. பார்த்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

இங்கேதான் நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை ஒன்று நடந்தது. பேசும்போது வாயை மறைக்கிறோம். அது எங்கள் கைக்கே பழக்கமாகிப்போன காரியம். மேளம் தட்டும்போது கையை யார் மறைக்கிறார்கள்? ஒருவரும் மறைப்பதில்லை. பிள்ளை தாளத்துக்கு ஆடுகிறதே, கேட்காமலா ஆடும் என்று அந்த நிலையத்தில் இருந்த அத்தனை படித்தவர்களும் நினைத்துக்கொண்டார்கள். மேளம் தட்டுகிற கை ஏறுவதும் இறங்குவதும் தெரு முனையிலிருந்து பார்த்தாலும் தெரியும். காது எதற்கு?

நான் அப்போது எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். வீட்டில். “விழா முடியும்வரைக்கும் உங்களுக்கு ரெஸ்ட் மிஸ். தெரப்பி நேரத்தையும் டான்ஸுக்கே எடுத்துக்கிட்டோம்” என்று நிர்வாகி சொல்லிவிட்டார். நிலையத்தை நடத்துகிறவர் அவர். கண்டி டவுனில் பிறந்து வளர்ந்த, சிரித்த முகமான மனுஷன். நான் அதற்கு ஆட்சேபம் சொன்னேன். பிள்ளையின் கேட்கும் நேரத்தைப் பிடுங்கி மேடைக்குக் கொடுக்கிறீர்கள் என்றேன். “நீங்க எப்பவும் இப்பிடித்தான் மிஸ்” என்று சிரித்தார்.

விழா நாள் காலை. லேக்குக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். வாசலில் கண்டிய மேளக்காரர்கள் தலைப்பாகை கட்டி, விருந்தாளிகளை அழைக்கத் தயாராக நின்றார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு நீண்ட மேசை. அதன் மேல் சிவப்பு வெல்வெட், வெல்வெட்டின் மேல் ஒரு முழுக் கருவித் தொகுதி. காதுக்குப் பின்னால் மாட்டும் பாகம், தலையில் காந்தத்தால் ஒட்டும் வட்டமான பாகம், இரண்டையும் இணைக்கும் மெல்லிய வயர், எல்லாம் பளபளவென்று. பக்கத்தில் ‘தொட வேண்டாம்’ என்று பலகை. நான் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

மேடைக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. கஸ்தூரியின் அம்மா என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“வாங்க மிஸ். நீங்க வரமாட்டீங்களோன்னு பயந்துகிட்டே இருந்தேன். புள்ள இப்பெல்லாம் பேசுறதே கொறஞ்சு போச்சுங்க. பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பறதும் இல்ல.”

“எப்ப இருந்து?”

“டான்ஸு பழக ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல இருந்தே. வயர ஆட்டினா சத்தம் வந்து வந்து போகுதுன்னு அதுவே மொதல்ல சொல்லுச்சு. ஒபீஸ்ல போயி வயர் மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். ஸ்டொக் இல்ல, விழா முடியட்டும்னு சொல்லிட்டாங்க. பொறகு புள்ள சொல்றத நிறுத்திருச்சு. சரியாப் போச்சு போலன்னு நானும் விட்டுட்டேன்.”

பிள்ளை சொல்வதை நிறுத்திவிட்டது. இந்தப் பேச்சை எந்தத் தாயிடம் கேட்டாலும் உடனே கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். குறை சொல்கிற பிள்ளைக்குக் குறை இருக்கிறது, நாம் பார்த்துத் திருத்தலாம். குறை சொல்வதை நிறுத்திய பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கஸ்தூரி கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் சுட்டி, தலை நிறையப் பூ. கருவியின் மேல் தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ஏன் என்று அலங்காரம் செய்த பெண்ணிடம் கேட்டேன். அதில் ஒரு லைட் மின்னிக்கொண்டே இருக்கிறது, ஃபோட்டோவில் விழுகிறது, அதனால் டான்ஸ் பழகுகிற காலத்திலேயே ஒட்டச் சொல்லிவிட்டார்கள் என்றாள். எனக்குத் தலைக்கு மேல் ரத்தம் ஏறியது. அந்த லைட் எதற்கு இருக்கிறது? கருவி வேலை செய்யவில்லை, யாராவது பாருங்கள் என்று பெரியவர்களைக் கூப்பிடத்தான் அது மின்னுகிறது. அது கூப்பிடுகிற வாயைப் பிளாஸ்டர் போட்டு அடைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. வளையத்தை எடுத்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு நாம் வழக்கமாகச் சொல்லிப் பார்க்கும் சத்தங்களைச் சொன்னேன். ஆ. ஊ. ஈ. ம். ஷ். ஸ். கஸ்தூரி சிரித்த முகத்தோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொன்னாள். எல்லாம் பிழை. நான் சும்மா வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அதற்கும் “ஊ” என்றாள்.

பிளாஸ்டரை உரித்தேன். லைட் மின்னிக்கொண்டிருந்தது.

முட்டிபோட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, உதடு தெரிய மெதுவாகக் கேட்டேன். “சத்தம் ஒண்ணுமே இல்லையா கஸ்தூரி?”

அவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் நின்ற டீச்சரைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஸ்’ எல்லாம் மழுங்கிப்போன அந்தக் குரலில் சொன்னாள். “சொல்லாதீங்க மிஸ். டான்ஸ்ல இருந்து வெளிய போட்டிருவாங்க. அவனப் போட்டாங்க.”

டான்ஸ் பழகத் தொடங்கிய புதிதில் ஒரு பையனுடைய கருவி பழுதாகிப்போனதாம். அவனை நடனத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். கஸ்தூரி அதைப் பார்த்திருக்கிறாள். தனக்கும் கேட்பது நின்றபோது வாயை மூடிக்கொண்டாள். யாராவது “கேக்குதா?” என்று கேட்டால் “கேக்குது” என்று சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தையைச் சொன்னால் பெரியவர்கள் முகம் எல்லாம் மலர்ந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். கேட்கப் பழக்குகிறோம் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு குழந்தைக்குக் கேட்கிற மாதிரி நடிக்கப் பழக்கியிருக்கிறோம். தயவுசெய்து எந்தப் பிள்ளையிடமும் “கேக்குதா?” என்று கேட்காதீர்கள். ‘என்ன கேட்டது’ என்று கேளுங்கள்.

டீச்சர் பக்கத்தில் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துப்போனது.

“ஐயோ மிஸ், எனக்குத் தெரியாது. எல்லாரையும் விட இவதான் திறமா ஆடுறா எண்டு நினைச்சனான்.”

“உங்க கையப் பார்த்து ஆடியிருக்கா டீச்சர்.”

“ஓம்,” என்றார் டீச்சர் மெதுவாக. “என்ர கையில இருந்து கண்ண எடுக்கவே மாட்டா. பக்தி எண்டு நினைச்சிட்டன்.”

நிர்வாகியைக் கூப்பிட்டனுப்பினேன். புது சேர்ட்டில், நெஞ்சில் ரோஜா குத்திக்கொண்டு வந்தார்.

“என்ன மிஸ், கெஸ்ட் வர்ற நேரத்துல?”

“கஸ்தூரிக்கு ஒண்ணுமே கேக்கல. வயர் போயிருச்சு. இப்ப இல்ல, பல வாரமா.”

அவர் பிள்ளையைப் பார்த்தார். நிஜமாகவே திடுக்கிட்டார், அதை நான் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தத் திடுக்கிடல் எவ்வளவு நேரம் இருக்கும்? வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி மிஸ். விழா முடிஞ்ச கையோட பார்ப்போம். இப்ப ஆடட்டும். நல்லாத்தானே ஆடுறா?”

“கேக்காம ஆடுறா.”

“அவளுக்கு ஆட ஆசை. பார்க்கிறவங்களுக்கும் சந்தோஷம். இந்த ஒரு டான்ஸப் பார்த்துத்தான் மத்தப் புள்ளைங்களுக்கு உதவி வரணும். இதுல யாருக்கு மிஸ் நஷ்டம்?”

அவர் கெட்டவரும் இல்லை, முட்டாளும் இல்லை. இந்தத் தொழிலில் கெட்டவர்களோடு போராடுவது சுலபம். நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்லலாம் என்கிறவர்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அவர்கள் பக்கம் எப்போதும் நாலு பாவப்பட்ட பிள்ளைகள் நிற்கும்.

“சரி, ஆடட்டும்,” என்றேன். “மைக்ல என்ன சொல்லப் போறீங்க? இந்தப் புள்ள இசையக் கேட்டு ஆடுதுன்னுதானே? அந்த ஒரு வரிய எடுத்துருங்க. சும்மா டான்ஸ்னு சொல்லுங்க.”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அதுதானே மிஸ் விழாவே.”

“அப்ப வயரக் குடுங்க.”

“ஸ்பெயார் இல்ல. ஓடர் பண்ணியிருக்கு. கொழும்புல இருந்து வரணும்.”

வாசலில் மேளம் முழங்கத் தொடங்கியது. அவர் ஓடினார். அவருக்கு விருந்தாளிகளை மாலை போட்டு அழைக்க வேண்டும்.

நான் அங்கேயே நின்றேன். வயர் இல்லையா? இப்போதுதானே பார்த்துவிட்டு வந்தேன். சிவப்பு வெல்வெட்டில், பளபளவென்று. கஸ்தூரியினுடைய அதே மாடல். ஒரு தாய் ஒபீஸ் கதவைத் தட்டி வயர் கேட்டபோது ‘ஸ்டொக் இல்லை’ என்று அனுப்பிவிட்டு, அதே வயரை விருந்தாளிகள் பார்ப்பதற்காகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். பிள்ளையின் காதில் இருக்க வேண்டியது கண்காட்சியில் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கால் தானாக நடந்தது.

மேசைக்குப் போனேன். விருந்தாளிகள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் அக்குறணையில் பெரிய கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர், அவர்தான் பிரதம விருந்தினர். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் மாலை. நான் குனிந்து தொகுதியிலிருந்து வயரைக் கழற்றினேன். காவலுக்கு நின்ற பெண் “மிஸ், மிஸ், அத தொட ஏலாது” என்று பதறினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நிர்வாகியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. வயரைக் கைக்குள் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டேன். கதையில் வரும் திருட்டு இதுதான்.

உள்ளே போனதும் வயரை மாட்டவில்லை. இதைக் கவனியுங்கள். ஆத்திரத்தில் வயரை எடுக்கலாம், ஆத்திரத்தில் பிள்ளையின் தலையில் மாட்டக்கூடாது. பல வாரம் அமைதியில் இருந்த பிள்ளை. வெளியே மேளம், உள்ளே ஸ்பீக்கர், இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடை. இப்போது சத்தத்தைக் கொடுத்தால் மிரண்டுபோகலாம். ஆட்டம் குழம்பலாம். கொடுக்காவிட்டால், அவள் ஒன்றும் கேட்காமல் மேடையில் நிற்க, இசையைக் கேட்டு ஆடுகிறாள் என்று ஊருக்கே சொல்வார்கள். ஒரு சபையே கைதட்டி அந்தப் பொய்யை அவளுக்குள் ஆணியடித்துவிடும். அதற்குப் பிறகு அவள் எப்போது யாரிடம் ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்வாள்?

நான் கஸ்தூரியிடம் வயரைக் காட்டினேன். உதடு தெரியச் சொன்னேன். “இத மாட்டினா சத்தம் வரும். டான்ஸ்ல இருந்து உன்ன யாரும் வெளிய போட மாட்டாங்க. நான் நிப்பேன். மாட்டவா, வேணாமா?”

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். “நீ எப்படி ஆடினாலும் சரி பிள்ளை.”

கஸ்தூரி தலையைத் திருப்பி, காதை என் பக்கம் காட்டினாள்.

சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துவிட்டு மாட்டினேன். லைட் நின்றது. அவள் முகம் சுருங்கியது. தோளைக் குறுக்கிக்கொண்டாள். கையைக் காதுக்குக் கொண்டுபோனாள், ஆனால் கழற்றவில்லை. நான் வளையத்தை எடுத்துச் சத்தங்களைச் சொன்னேன். ‘ஆ’ வந்தது. ‘ம்’ வந்தது. ‘ஸ்’ வரவில்லை. அதற்கு நாளாகும், போகட்டும். கடைசியில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே சொல்லாமல் இருந்தேன்.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, “ஒண்ணும் இல்ல,” என்றாள்.

அவளுடைய அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மேடை ஏறினார்கள். மைக்கில் அந்த வரியைச் சொன்னார்கள், நல்ல குரலில், இழுத்து இழுத்துச் சொன்னார்கள். பாட்டு தொடங்கியது. டீச்சர் கீழே பிள்ளைகளுக்கு முன்னால் மேளத்தோடு இருந்தார். கஸ்தூரி நடுவில். முதல் அடி எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்தாள். பிறகு பாட்டில் குரல் எழும்பிய இடத்தில் நின்றுவிட்டாள்.

நின்று, சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் கருவி வைத்த பிள்ளைக்குச் சத்தம் வருவது தெரியும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. அவள் மேலே பார்த்தாள், திரைக்குப் பின்னால் பார்த்தாள், பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்தாள். சத்தத்தைத் தேடினாள். பக்கத்துப் பிள்ளை அவள்மேல் மோதியது. சபையில் “ச்சு, பாவம்” என்று குரல்கள். பல வாரமாக ஒரு அடி பிசகாமல் ஆடிய பிள்ளை, கேட்கத் தொடங்கிய அன்றைக்குத் தடுமாறியது. எனக்குத் தெரிந்து அவள் இசையைக் கேட்டாள் என்பதற்கு அந்த மேடையில் இருந்த சாட்சி அந்தத் தடுமாற்றம் ஒன்றுதான்.

பிறகு அவள் டீச்சரின் கையைக் கண்டுபிடித்தாள். கையையும் சத்தத்தையும் பொருத்திக்கொண்டு, ஒரு அடி பிந்திப் பிந்தி, முடிவுவரை ஆடினாள்.

நிர்வாகி என் பக்கம் வந்தார். சிரிப்பு மாறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “ஒரு புள்ளையோட டான்ஸக் கெடுத்துட்டீங்க மிஸ்.”

“பிளாஸ்டர் ஒட்டினது நானா?” என்றேன். அடுத்த வாரம் ஃபோனில் சொன்னார், இந்த வயதில் உங்களுக்கு இனிக் கஷ்டம் கொடுக்க விரும்பவில்லை என்று. எவ்வளவு பணிவு பாருங்கள்.

ஆனால் விழா இன்னும் முடியவில்லை. பரிசு கொடுக்கும் நேரம் வந்தது. ஹாஜியார் மேடையில் நின்று பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கஸ்தூரி வந்ததும் நிர்வாகி மைக்கை எடுத்தார். குழம்பிய டான்ஸை எப்படியாவது சரிக்கட்ட வேண்டுமே. கெமராக்காரனைப் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டு குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“சொல்லுங்கம்மா, பாட்டு கேட்டுச்சா?”

எந்தப் பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவள் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கஸ்தூரி மைக்கைப் பார்த்தாள். யோசித்தாள்.

“கேட்டுச்சு,” என்றாள். “நல்லா இல்ல.”

நிர்வாகி மைக்கைப் பின்னுக்கு இழுத்தார். ஆனால் ஹாஜியார் குனிந்துவிட்டார்.

“ஏன் மகள், என்ன நல்லமில்ல?”

“பாட்டு சத்தம் கூட. காது குத்துது. டீச்சர் மேளம் மட்டும் நல்லம்.”

ஹாஜியார் கழுத்து மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். மேடை ஓரத்தில் நின்ற பெரிய ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கும் அப்பிடித்தான் மகள் ஈக்கி,” என்றார். “வந்த நேரத்தில இருந்து தல இடிக்குது. ஒத்தரும் சொல்றாங்க இல்ல.”

யாரோ ஓடிப்போய் ஸ்பீக்கரைக் குறைத்தார்கள். கஸ்தூரி பரிசை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து, ‘பசிக்குது’ என்று அம்மாவிடம் சொன்னாள். இருவரும் கெலிஓயா பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். வாசலில் அந்த மேசை இன்னும் அப்படியே இருந்தது. வெல்வெட்டில் வயர் கிடந்த இடம் மட்டும் கொஞ்சம் பள்ளமாகத் தெரிந்தது. வயரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எனக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். நான் கொடுக்கவில்லை. வேண்டுமென்றால் கெலிஓயாவுக்குப் போய் அந்தப் பிள்ளையின் தலையிலிருந்து கழற்றிக்கொள்ளச் சொன்னேன். இன்றுவரை ஒருவரும் போகவில்லை.